ஏரி காத்த ஊரார்



பெருநகரத்தில் வாழ்வோர் விடுமுறை வந்ததும் முதலில் தேடுவது அமைதியை. ஓசை ஓயாத தெருக்களில் ஆறு நாள் அலைந்தவன், ஏழாம் நாள் ஒரு மரநிழலையும் ஒரு நீர்ப்பரப்பையும் நாடிப் புறப்படுகிறான். தலைநகரங்கள் தோன்றிய நாள் தொட்டு இப்பழக்கம் இருந்து வருகிறது. ஆனால், அவன் சென்றடையும் அவ்வமைதி அங்கே எவ்வாறு நிலைத்தது, அதனைக் காத்தவர் யாவர் என்னும் கேள்வியை அவன் பெரும்பாலும் கேட்பதில்லை. வரலாற்றுப் பாடம் நடத்திப் பல ஆண்டுகளைக் கழித்த எனக்கு அக்கேள்வியே முதன்மையானதாகத் தோன்றுகிறது. அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வரலாற்றுக்குள் புகுமுன் என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் பெருந்துறை. உலர்ந்த, தூய காற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். காசநோய்க்கு மருந்து அரிதாயிருந்த நாளில், நோயாளர் பலர் இங்குள்ள மருத்துவ நிலையத்தையும் எங்கள் காற்றையும் நம்பி வந்து தங்கினர். ஊருக்குச் சில கல் தொலைவில் வெள்ளோடு என்னும் சிற்றூரில் பெரியகுளம் ஒன்று இருக்கிறது. பவானிசாகர் அணை 1955ஆம் ஆண்டில் முடிந்து, கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகு, வயல்களின் வடிநீரும் வாய்க்காலின் கசிவு நீரும் அக்குளத்துக்கு வாழ்வளித்தன. நீர் நின்ற இடத்தில் மீன் பெருகியது. மீன் பெருகிய இடத்தைப் பறவை கண்டுகொண்டது.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். ஒரு மாலைப் பொழுதில் அக்குளக்கரையில் நின்று, உண்டிவில்லால் ஒரு நாரையைக் குறி பார்த்து அடித்துவிட்டேன். அது நீரில் விழுந்து சிறகடித்து ஓய்ந்தது. அடுத்த கணமே குளத்தில் இருந்த பறவைகள் அனைத்தும் ஒருங்கே எழுந்து பறந்து போயின. என்னோடு வந்திருந்த அப்பாரு என்னை அடிக்கவில்லை. உரக்கப் பேசவும் இல்லை. "ஏங் கண்ணு, அது பாட்டுக்கு நின்னுட்டிருந்துது. உன்ற கிட்ட அது என்ன கடன் வாங்குச்சு?" என்று கேட்டார். பிறகு, பொழுது சாயும் வரை என்னை அக்கரையிலேயே உட்கார வைத்தார். ஒரு பறவையும் திரும்பி வரவில்லை. குளம் ஓசையின்றிக் கிடந்தது.

அன்று ஓர் உண்மையை உணர்ந்தேன். ஓசை இல்லாத இடமெல்லாம் அமைதியான இடமாகிவிடாது. உயிர்கள் அச்சமின்றி இருப்பதால் வரும் அமைதி ஒன்று. உயிர்களே இல்லாததால் வரும் வெறுமை ஒன்று. நகரத்தவன் தேடிப் போவது முன்னதை. அதனைக் காக்கத் தவறினால் அவனுக்குக் கிடைப்பது பின்னதே.

இனிச் சென்னைக்கு வருவோம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1639ஆம் ஆண்டில் கடற்கரையில் ஒரு துண்டு நிலத்தைப் பெற்று, கோட்டை கட்டிக் குடியேறியது. வணிகத்துக்காக எழுந்த அவ்வூர் விரைவில் ஒரு மாகாணத்தின் தலைநகராயிற்று. அதன் அருகே இன்றும் அமைதி நிலவும் இடங்கள் மூன்றினை எடுத்துக்கொள்வோம். அவை கிண்டி, பழவேற்காடு, வேடந்தாங்கல் என்பன. மூன்றின் வரலாறும் மூன்று விதமானது.

கிண்டிக் காடு நகரத்தின் வாயிலிலேயே இருந்தது. 1670களில், ஆளுநராயிருந்த லாங்கார்ன் என்பவர் அக்காட்டின் ஒரு பகுதியில் தோட்டமும் மாளிகையும் அமைத்துக்கொண்டார். கோட்டைக்குள் அலுவல், கிண்டியில் ஓய்வு. எஞ்சிய காடு தனியார் ஒருவரின் உடைமையாயிருந்தது. 1821ஆம் ஆண்டில் அரசு அதனை 35,000 ரூபாய்க்கு விலைக்கு வாங்கியது. 1910ஆம் ஆண்டில் 505 எக்டர் பரப்புள்ள காப்புக் காடாக அது அறிவிக்கப்பட்டது. ஆள்வோரின் வேலிக்குள் இருந்ததால் வெளிமானும் புள்ளிமானும் அங்கே பிழைத்தன.

ஆயினும், வேலி போட்டவரே வேலியைத் திறக்கவும் கூடும் அன்றோ? நாடு விடுதலை பெற்ற பின்னர், கல்விக்கென்றும், தலைவர்களின் நினைவகங்களுக்கென்றும், அரசுத் துறைகளுக்கென்றும் காடு சிறிது சிறிதாக எடுத்துக் கொடுக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டில் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அம்மான் காட்டில்தான் எழுந்தது. இவற்றுள் எதையும் தீய நோக்கம் என்று சொல்ல இயலாது. ஒவ்வொன்றும் நல்ல பணியே. நல்ல பணிகள் பல சேர்ந்தும் ஒரு காட்டைக் கரைத்துவிடும் என்பதே கிண்டி நமக்குக் காட்டும் பாடம். 1978ஆம் ஆண்டில் எஞ்சிய பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 270 எக்டர். 505 எக்டரில் பாதியை விடச் சிறிதே மிகுதி.

பழவேற்காட்டின் கதை இதற்கு நேர்மாறானது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில், கடலுக்கும் நிலத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் உவர்நீர் ஏரி அது. அவ்வகையில், இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. பூநாரைகள் அந்த ஆழமற்ற நீரில் கூட்டங்கூட்டமாக நின்று இரை தேடும் காட்சியைக் காண மக்கள் செல்கின்றனர். அவ்விடம் ஒரு காலத்தில் ஓய்விடமாக இருந்ததில்லை என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? சென்னை தோன்றுவதற்கு முன்னரே, 1613ஆம் ஆண்டில், டச்சுக்காரர் அங்கே கெல்திரியா என்னும் கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. துணி வணிகமும் கப்பல் போக்குவரத்துமாக அத்துறை ஓசையிட்டுக் கொண்டிருந்தது. 1690ஆம் ஆண்டில் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். வணிகம் தளர்ந்தது, கோட்டை இடிந்தது, கல்லறைகள் எஞ்சின. அதிகாரம் கைவிட்டுப் போனதால் வந்த அமைதி அது.

எனினும், அவ்வேரி வெறுமையாகிவிடவில்லை. அதற்குக் காரணம் மீனவர். 'பாடு' என்னும் பழைய முறை ஒன்று அவர்களிடையே உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை இடுவது என்று தமக்குள் முறை வைத்துக்கொள்வர். எல்லாரும் எல்லா நாளும் ஒரே இடத்தில் வலை வீசினால் மீனும் நிலைக்காது, உறவும் நிலைக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அரசர் மாறினர், கொடிகள் மாறின, முறை வைத்து வாழும் பழக்கம் அவர்களிடம் நிலைத்தது.

மூன்றாவதாகிய வேடந்தாங்கலே இன்றைய பேச்சின் உயிர். சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில், மதுராந்தகத்தை அடுத்து அச்சிற்றூர் இருக்கிறது. 'தாங்கல்' என்பது சிறிய ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல் என்றால் வேடரின் தாங்கல் என்று பொருள் கூறுவர். முற்காலத்தில் அப்பகுதி நிலக்கிழார்கள் அங்கே வேட்டையாடினராம். வேடர் பெயர் கொண்ட ஏரியே பறவைகளுக்கு அடைக்கலமாயிற்று. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

அவ்வேரி பெரியதும் அன்று. ஏறத்தாழ முப்பது எக்டர் பரப்புடையது. வடகிழக்குப் பருவமழையில் அது நிரம்பும். நீருக்குள்ளேயே நீர்க்கடம்பும் கருவேலமும் நிற்கும். சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பதால் பூனையும் நரியும் அம்மரங்களை அணுக முடியாது. கூடு கட்ட இதனினும் பாதுகாப்பான இடம் பறவைக்கு வேறு ஏது? நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், வக்கா, கூழைக்கடா என இனம் இனமாக வந்து கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, கோடை தொடங்கி நீர் வற்றும்போது போய்விடும்.

இங்கே மாணவர் பலரிடம் காணப்படும் ஒரு பிழையைத் திருத்த விரும்புகிறேன். அங்குள்ள பறவைகள் எல்லாம் சைபீரியாவிலிருந்து வருவன என்று விடைத்தாள்களில் எழுதக் கண்டிருக்கிறேன். அது சரியன்று. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்றவை வடநாடுகளின் பனிக்கு அஞ்சி இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிப்பவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. கூடு கட்டுபவை நம் நாட்டுப் பறவைகளே. முன்னவை விருந்தினர், பின்னவை நம் வீட்டுப் பெண்கள் தாய்வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வருவது போல வருபவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வேரிக்கு இடையூறு வந்தது. செங்கற்பட்டுப் பகுதி அப்போது 'ஜாகீர்' என்ற பெயரில் கும்பினியின் கையில் இருந்தது. துப்பாக்கி ஏந்திய ஆங்கிலச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் மனம் வருந்தினர்; மனம் வருந்தியதோடு நில்லாமல் மாவட்ட ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். அந்நாள் ஆட்சியர் லயனல் பிளேஸ் என்பவர். மதுராந்தகத்து ஏரிக்கரை உடையும் தறுவாயில் இருந்த மழை இரவில், இராமனும் இலக்குவனும் கரை மேல் காவல் நிற்கக் கண்டார் என்று மரபுக்கதை சொல்லும் பிளேஸ் துரை இவரே. அதனால்தான் அங்குள்ள பெருமாளுக்கு 'ஏரி காத்த இராமர்' என்று பெயர் வழங்குகிறது. அவ்வாட்சியர் ஊராரின் முறையீட்டைக் கேட்டு, வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடலாகாது என்று 1798ஆம் ஆண்டில் எழுத்து மூலம் உறுதி அளித்தார். அத்தகைய உறுதிமொழிப் பத்திரத்தை அந்நாளில் 'கவுல்' என்பர்.

அந்த ஆண்டினைச் சற்று உற்று நோக்குங்கள். உலகின் முதல் தேசியப் பூங்கா என்று நாம் படிக்கும் அமெரிக்காவின் எல்லோஸ்டோன் 1872ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்னரே, செங்கற்பட்டு மாவட்டத்து உழவர் சிலர், அயல்நாட்டு ஆட்சியாளர் ஒருவரிடம் பறவைகளுக்காக ஒரு பத்திரம் எழுதி வாங்கிவிட்டனர்!

அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர்? இரக்கம் மட்டுமா காரணம்? இரக்கமும் இருந்தது; கணக்கும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்நீர் மதகின் வழியே வயலுக்குப் பாய்கிறது. உரத்தை விலை கொடுத்து வாங்காமலேயே நெல் செழிக்கிறது. பறவை போனால் விளைச்சல் குறையும் என்பதை உழவன் தன் வயலில் கண்டறிந்தான். சிலர் இதனைத் தன்னலம் என்று குறைத்துப் பேசலாம். நான் அவ்வாறு கருதுவதில்லை. வாழ்க்கையோடு பிணைந்த அன்பே தலைமுறை கடந்து நிற்கும். பொழுதுபோக்குக்காகப் பிறந்த அன்பு, பொழுது போனதும் போய்விடும்.

1858ஆம் ஆண்டில் அவ்வாணை புதுப்பிக்கப்பட்டது. இந்திய ஆட்சி கும்பினியின் கையிலிருந்து விக்டோரியா அரசியின் கைக்கு மாறிய ஆண்டு அதுவே. பேரரசு கைமாறிய அவ்வாண்டிலும் வேடந்தாங்கல் ஏரியின் உறுதிமொழி நிலைத்து நின்றது.

வேறொரு தலைநகரிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. இலண்டனின் வடகிழக்கே எப்பிங் என்னும் காடு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், நிலக்கிழார்கள் அதனை வேலியிட்டுத் தமதாக்கத் தொடங்கினர். குளிர்காலத்தில் விறகுக்காகக் கிளை வெட்டும் உரிமை அங்குள்ள எளிய மக்களுக்குத் தொன்றுதொட்டு இருந்தது. தாமஸ் வில்லிங்கேல் என்னும் உழைப்பாளி வேலியைப் பொருட்படுத்தாமல் அவ்வுரிமையை விடாது செலுத்தி வந்தார். அவர் குடும்பத்தார் சிறை சென்றனர். வழக்கு வளர்ந்தது, இலண்டன் மாநகராட்சியும் மக்கள் பக்கம் நின்றது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் அக்காட்டை என்றென்றும் மக்களுக்கு உரியதாக்கியது. தலைநகரத்தார் உலாவும் அக்காட்டை முதலில் காத்தவர் விறகு வெட்டியவரே.

மீண்டும் நம் ஏரிக்கு வருவோம். 1936ஆம் ஆண்டில் வேடந்தாங்கல் அரசின் சரணாலயமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது. 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பகுதியும் சரணாலய எல்லைக்குள் கொண்டுவரப்பட்டது. இது தேவைதானா என்று ஐயுறுவோர் உண்டு. சிந்தித்துப் பாருங்கள். பறவை கூடு கட்டுவது முப்பது எக்டரில். ஆனால் அது குஞ்சுக்கு நத்தையும் மீனும் தவளையும் கொண்டு வருவது சுற்றிலும் உள்ள ஏரிகளிலிருந்தும் நெல் வயல்களிலிருந்தும் அன்றோ? படுக்கையறையை மட்டும் காத்து, சமையலறையைக் கைவிட்டால் குடும்பம் எப்படி வாழும்? 2020ஆம் ஆண்டில் அவ்வெல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது, ஊராரும் அறிஞரும் மாணவரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அது கைவிடப்பட்டது. 1798இல் ஊரார் செய்த முறையீட்டின் தொடர்ச்சியாகவே நான் அதனைக் காண்கிறேன்.

தலைமை ஆசிரியராக இருந்த காலத்தில், மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாகச் சென்னைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். திரும்பும் வழியில் வேடந்தாங்கலில் இறங்கினோம். மரங்கள் பூத்திருப்பது போல வெண்பறவைகள் அமர்ந்திருந்தன. சிறுவன் ஒருவன், அவை பறப்பதைப் பார்க்கும் ஆவலால் கைகளைத் தட்டி ஓசை எழுப்பினான். கரையில் புல்லறுத்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். கோபம் அவர் முகத்தில் இல்லை. "தம்பி, பிள்ளை பெத்தவ படுத்திருக்கிற வீட்டு வாசல்லே நின்னு கை தட்டுவியா?" என்று மட்டும் கேட்டார். சிறுவன் தலை குனிந்தான். அவனோடு நானும் தலை குனிந்தேன். என் அப்பாருவின் குரல் என் செவியில் ஒலித்தது. ஊருக்கு ஊர் பேச்சு வேறாகலாம். ஏரிக்கரையில் வாழ்ந்தவரின் உள்ளம் ஒன்றே.

ஊர் திரும்பியதும் அம்மாணவர்களை வெள்ளோட்டுக்கு அழைத்துச் சென்றேன். நான் குற்றம் செய்த அதே கரை. அக்குளம் இப்போது பறவைகள் சரணாலயம்; ஏறத்தாழ 77 எக்டர் பரப்புடையது. அதைச் சூழ்ந்த ஊர் மக்கள் தீபாவளி நாளிலும் வெடி வெடிப்பதில்லை. குழந்தைகள் மத்தாப்பு கொளுத்தி மகிழ்கின்றனர். குளத்துப் பறவைகள் கூட்டில் உறங்குகின்றன. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காக இந்நோன்பைக் கடைப்பிடிக்கின்றனர். ஆண்டுக்கு ஒரு நாள் வரும் திருநாளில், தம் குழந்தைகளின் ஆசையையே சற்று அடக்கிக்கொள்வது எளிய தியாகம் அன்று.

ஈரநிலங்களைக் காப்பதற்கென 1971ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உலக நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வுடன்படிக்கையின்படி, பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலில் வேடந்தாங்கலும் வெள்ளோடும் 2022ஆம் ஆண்டில் ஒருங்கே இடம்பெற்றன. தலைநகருக்கு அருகே உள்ள ஏரியும், எங்கள் கொங்கு நாட்டுக் குளமும் ஒரே பட்டியலில் நிற்பதைக் கண்டபோது என் நெஞ்சு நிறைந்தது.

ஆனால், பட்டியல் ஏட்டில் உள்ளது. ஏரி தரையில் உள்ளது. இன்று எங்கள் பெருந்துறையே பழைய பெருந்துறை அன்று. தொழிற்பேட்டை வந்தது, நெடுஞ்சாலை அகன்றது, இரவெல்லாம் சரக்குந்துகள் ஓடுகின்றன. தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவர் பலருக்கு அத்தொழிலகங்களே சோறு போடுகின்றன. ஆயினும், ஒவ்வொரு நல்ல பணியும் ஒரு துண்டு காட்டைக் கேட்டு வாங்கிய கிண்டியின் கதை எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வாய்க்கால் நீர் எங்கே போகிறது, கழிவு எங்கே சேர்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் ஊரில் சிலராவது வேண்டும். வேடந்தாங்கலில் அப்படிச் சிலர் இருந்தனர். அவர்களுடைய பெயர்கள் பள்ளிப் பாடநூலில் இல்லை. ஆட்சியரின் பெயரே ஏட்டில் நின்றது. ஆயினும், கேட்டவர் இல்லாமல் கொடுத்தவர் ஏது?

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் நாளை பெருநகரங்களுக்குச் சென்று வாழப் போகிறீர்கள். களைப்புற்ற ஒரு நாளில் ஓர் ஏரியை நாடிச் செல்வீர்கள். அங்கே செல்லும்போது மூன்றினை மறவாதீர்கள். பிறர் வீட்டுக்குள் நுழைவது போல மெல்ல நுழையுங்கள். கொண்டு சென்ற குப்பையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கரையில் காணும் முதியவர் ஒருவரிடம் அவ்வேரியின் கதையைக் கேளுங்கள். எந்த நூலிலும் இல்லாத வரலாறு அவரிடம் இருக்கும்.

இப்போதும் மாலை வேளைகளில் நான் வெள்ளோட்டுக் கரையில் சென்று அமர்வதுண்டு. அன்று என் அப்பாரு என்னை உட்கார வைத்த இடம் ஏறக்குறைய எனக்கு நினைவிருக்கிறது. பொழுது சாயும்போது நாரைகள் வரிசை வரிசையாக வந்து இறங்குகின்றன. அவை எழுப்பும் ஓசை சிறிதன்று. சந்தை கூடியது போலிருக்கும். அந்த ஓசைக்கு நடுவே அமர்ந்திருக்கும்போதுதான் என் மனம் அமைதி அடைகிறது.